ஐம்பத்தொரு சீட்டு

என் தங்கைக்கும் எனக்கும் நடந்த அந்தச் சண்டை இரண்டு நிமிடம்கூட நீடிக்கவில்லை. ஆனால் மனதுக்குள் அதை நான் இன்னும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பேச்சு எங்கள் சித்தப்பாவைப் பற்றி. "அவர் செஞ்சது தப்புதான், யாரு இல்லேன்னா? அதுக்காக அவர்கிட்ட இருக்கற நல்லதைப் பாக்கவே கூடாதா?" என்று கேட்டேன். குரலில் ஒரு பெரிய மனுஷத்தனம் வேறு. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "நீ பாரு அண்ணா. உனக்குப் பாக்க வசதியா இருக்கு" என்றாள். கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அழுதிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். அவள் ஒரு தலையணை உறையை நான்காக மடித்து அடுக்கின் மேல் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அந்த ‘வசதியா’ என்ற சொல்தான் என்னை இன்றுவரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

சித்தப்பாவை அறிந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும், அவர் பொய் சொல்வார். லாபத்துக்காக என்றால்கூடப் புரிந்துகொள்ளலாம். அவருக்கு அது மூச்சு விடுவது மாதிரி. "கிளம்பிட்டேன், பாதி வழியில இருக்கேன்" என்று போனில் சொல்லும்போது பின்னால் குளியலறைக் குழாய்ச் சத்தம் கேட்கும். படிக்காத புத்தகத்தின் முடிவைச் சொல்வார், அதுவும் அசல் முடிவைவிட நன்றாக இருக்கும். எந்தச் சண்டையிலும் இரண்டு பக்கமும் அவரைத் தன் ஆள் என்றே நம்பிக்கொண்டிருக்கும். சிறுவயதில் எங்களுக்கு அவரைப்போல் பிடித்த ஆள் கிடையாது. அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்று அம்மா சொல்வாள். எந்தப் பாதி என்பதுதான் யாருக்கும் தெரியாது.

தங்கை கல்லூரியில் சேரவேண்டிய வருடம், அப்பா வேலை விஷயமாக வெளியூரில் இருந்தார். கட்டணப் பணத்தைச் சித்தப்பாவிடம் கொடுத்து, கடைசி நாளுக்குள் கட்டிவிடச் சொன்னார். "கட்டியாச்சு" என்றார் சித்தப்பா. ரசீது எங்கே என்றால், "ஆபீஸ் பையில இருக்கு." மறுநாள் கேட்டால், "பையை ஒருத்தர்கிட்ட குடுத்திருக்கேன்." பெயர்ப்பட்டியல் ஒட்டிய அன்று தங்கை போய்ப் பார்த்தாள். அகரவரிசைப் பட்டியல். தன் பெயர் வரவேண்டிய இடத்துக்கு மேலே ஒரு பெயர், கீழே ஒரு பெயர், நடுவில் இடைவெளிகூட இல்லை. விரலை வைத்து மூன்று தடவை மேலிருந்து கீழே இறக்கிப் பார்த்தேன் என்று பிறகு சொன்னாள். அவருக்கு ஏதோ ஒரு கடன் கழுத்தை நெரித்ததாம், இரண்டு நாளில் புரட்டித் திரும்ப வைத்துவிடலாம் என்று நினைத்தாராம். பணத்தைப் பல மாதம் கழித்துத் தவணை தவணையாகக் கொடுத்து முடித்தார். வருடத்தை யார் திருப்பிக் கொடுப்பது? அவளோடு படித்தவர்கள் எல்லோரும் ஒரு வகுப்பு மேலே போய்விட்டார்கள். மன்னிப்பு என்று வாய்விட்டு அவர் ஒருநாளும் கேட்டதில்லை. "அது ஒரு நேரம்" என்பார். அதோடு சரி.

பிரஷில் செருகிய சீட்டுகள்

ஒன்பது வருடம் கழித்து அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் இடப்பக்கத்தில். வலக்கை விழுந்தது, பேச்சு போயிற்று. நாம் சொல்வது அவருக்குப் புரியும். என்ன சொல்ல வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். சொல் மட்டும் வராது. வாய் ஒரு வடிவத்துக்கு வரும், அங்கேயே நின்றுவிடும். பார்க்க வருகிறவர்களுக்கு இது விளங்குவதில்லை. சிலர் அவருக்குக் காது கேட்காது என்பதுபோலக் கத்திப் பேசினார்கள். பலர் கட்டிலைத் தாண்டி அம்மாவிடம், "தூங்கறாரா? என்ன சாப்பிடறார்?" என்று விசாரித்தார்கள், அவர் கண் திறந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருக்கும்போது. நானும் அப்படித்தான் இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் ஒரு சொல்லுக்காகத் திணறும்போது பார்த்துக்கொண்டிருக்க முடியாமல், நானே ஏதோ ஒரு சொல்லை எடுத்துக்கொடுத்துவிடுவேன். பெரும்பாலும் தப்பான சொல்லை.

சித்தப்பா வந்தார். கையில் ஒரு பழைய சீட்டுக்கட்டு. "ஆடலாமா அண்ணே?" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு கையில் பதின்மூன்று சீட்டை எப்படிப் பிடிப்பது? அவர் பின்கட்டுக்குப் போய், துணி துவைக்கும் பிரஷ் ஒன்றை எடுத்துக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். முள் மேலே பார்க்கும்படி கவிழ்த்து அப்பாவின் மடிப்பலகை மேல் வைத்து, சீட்டுகளை ஒவ்வொன்றாக முள்ளுக்குள் செருகினார். விசிறி மாதிரி நின்றன. இடக்கையால் எடுக்கலாம், இடம் மாற்றிச் செருகலாம். அதற்கு முந்தைய இரண்டு வாரமாக அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேரும் அப்பாவைத் தூக்கினோம், துடைத்தோம், மருந்து கொடுத்தோம். அவர் தானாகச் செய்யக்கூடிய ஒரு காரியத்தை அவர் முன் கொண்டுவந்து வைத்தவர் சித்தப்பா ஒருவர்தான்.

அப்புறம் அவர் தன் வேலையைக் காட்டினார். அழுகுணி ஆட்டம். ஜோக்கர் ஆறு என்று இருவருக்கும் தெரிந்திருக்க, "எட்டுதானே அண்ணே?" என்று எட்டை எடுத்துச் செருகிக்கொள்வார். கீழே போட்ட சீட்டைப் பேச்சோடு பேச்சாக எடுத்துவிடுவார். சேராத செட்டை ‘சேர்ந்துடுச்சு’ என்று பரப்பிவிட்டு, நாம் கண்ணை ஓட்டுவதற்குள் கலைத்துவிடுவார். அப்பா விறைத்துப்போவார். இடக்கையால் பலகையில் ஓங்கித் தட்டுவார். வாய் கோணிக்கொண்டு ‘த... த...’ என்று நிற்கும். சித்தப்பா காத்திருப்பார். எடுத்துக்கொடுக்க மாட்டார், அவசரப்படுத்த மாட்டார், என்னைப்போல் முகத்தில் இரக்கத்தைப் பூசிக்கொள்ளவும் மாட்டார். "என்ன அண்ணே, தோத்துட்டு முறைக்கறீங்க?" என்பார். பத்துப் பதினைந்து நாள் இப்படிப் போயிருக்கும். ஒரு சாயங்காலம், மூன்றாவது தடவையாக ஜோக்கரை மாற்றியபோது, அப்பா வாயிலிருந்து முழுதாக, தெளிவாக, எழுத்துச் சிதையாமல் வந்தது: "திருட்டுப்பயலே!"

நான் வாசலில் இருந்தேன். அம்மா கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. ஒரு கணம் யாரும் எதுவும் பேசவில்லை. பிறகு சித்தப்பா சமையலறைப் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா அண்ணி, முதல்ல என்னைத்தான் கூப்பிட்டாரு!" என்றார்.

பேச்சுப் பயிற்சி தந்தவர் மறுநாள் இதைக் கேட்டுச் சிரித்தார், ஆனால் வியக்கவில்லை. யோசித்துக் கட்டவேண்டிய வாக்கியம் போய்விட்டவர்களுக்கும் வசவு, எண்களை வரிசையாகச் சொல்வது, மனப்பாடமான பாட்டு இவையெல்லாம் பல சமயம் மிஞ்சியிருக்குமாம். கோபம் வந்தால் தானாக வெளியே வந்து விழுமாம். இது புதிய செய்தியும் இல்லை. 1861-ல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் விவரித்த அந்தப் புகழ்பெற்ற நோயாளி ‘டான்’ என்ற ஒரே அசையைத்தான் எதற்கும் சொல்வார். அவருக்கும் ஆத்திரம் முற்றினால் ஒரு வசவு மட்டும் முழுதாக வருமாம். அது குணமாவதற்கான அடையாளம் என்று சொல்லிவிட முடியாது என்று பயிற்சியாளர் எச்சரித்தார். எங்களுக்கு அது போதும். அப்பாவுக்கும் போதும். தன் குரலைத் தானே கேட்டுவிட்டார். அன்று இரவு அந்த ஒரே சொல்லை எங்கள் எல்லோரையும் பார்த்து மாறிமாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிற்பாடு சித்தப்பாவிடம் கேட்டேன், வேண்டுமென்றேதான் அப்படி ஆடினீர்களா என்று. "பின்னே? டாக்டர்கிட்ட கேட்டு ப்ளான் பண்ணித்தான்" என்றார். நிச்சயமாகப் பொய். அவர் எந்த டாக்டரிடமும் பேசியதில்லை. அவருக்குச் சீட்டில் ஏமாற்றாமல் ஆட வராது, அவ்வளவுதான்.

தராசு யாருடையது

இந்த மாதிரிப் பேச்சு வந்தால் நம் ஆட்கள் எல்லோரும் உடனே எடுத்துக்காட்டுவது ‘குணம்நாடிக் குற்றமும் நாடி’ குறளை. நானும் தங்கையிடம் அதைச் சொன்னவன்தான். நல்லதை ஒரு தட்டில் போடு, கெட்டதை ஒரு தட்டில் போடு, எது கனமோ அதை எடுத்துக்கொள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குறள் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பொருட்பாலில், தெரிந்துதெளிதல் என்ற அதிகாரத்தில். அரசன் ஒருவரை வேலைக்கு அமர்த்துமுன் எப்படி ஆராய வேண்டும் என்று சொல்கிற இடம் அது. இன்றைய கணக்கில் நேர்காணல். அதற்குத் தராசு சரியான கருவி. தகுதி இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம். சித்தப்பா என்ன விண்ணப்பம் போட்டுவிட்டா எங்கள் வீட்டுக்கு வந்தார்? நான் பிறக்கும்போதே அவர் இருந்தார். எடை போட்டு முடித்து ‘மிகை’ இன்னதென்று கண்டுபிடித்தால்கூட, அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அதுவும் போகட்டும். எடை போடுவதற்கு முதலில் குணத்தையும் குற்றத்தையும் தனித்தனியாகப் பிரித்து எடுக்க முடிய வேண்டுமே? அப்பாவைப் பேசவைத்தது எது? கூச்சமில்லாத புளுகு, அடுத்தவர் கோபம் தன்மேல் ஒட்டாத தோல், விதியை மதிக்காத கை. கட்டணப் பணத்தைத் தின்றதும் அதே கைதான். நேர்மையான மனிதன் அப்பாவோடு நேர்மையாக ஆடி, நேர்மையாகத் தோற்று, ஒரு மாதத்தில் வருவதை நிறுத்தியிருப்பான். நாலடியார் ஒரு பாட்டில் நெல்லுக்கு உமியுண்டு, நீருக்கு நுரையுண்டு, பூவுக்கும் புல்லிதழ் உண்டு என்று அடுக்கி, நல்லவர் என்று விரும்பிச் சேர்த்துக்கொண்டவர் அப்படி இல்லாவிட்டாலும் உள்ளடக்கிக்கொள் என்கிறது. உமி என்றால் தள்ளவேண்டியது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனால் மூதுரையில் ஔவை வேறொரு காரியத்துக்காகச் சொன்ன ஒரு வரி இருக்கிறது: முளைப்பது அரிசியே ஆனாலும் உமி போனால் முளைக்காது. இரண்டு பாட்டையும் சேர்த்துப் படித்துவிட்டு, ஆகா, சித்தப்பாவுக்கு இதுதான் பதில் என்று கொஞ்சநாள் சந்தோஷமாகத் திரிந்தேன். அந்தச் சந்தோஷத்தோடுதான் தங்கையிடம் போய் அந்தப் பேச்சை எடுத்ததும்.

ஃபிரிட்ஸ் ஹேபரை நினைத்துக்கொண்டால் என் தப்பு எனக்குப் புலப்படுகிறது. ஜெர்மன் வேதியியலாளர். காற்றில் இருக்கும் நைட்ரஜனிலிருந்து அம்மோனியா தயாரிக்க முடியும் என்று 1909-ல் செய்துகாட்டினார். இன்று உலகில் ஏறக்குறையப் பாதிப் பேரின் உணவு அந்த வழியில் பிறந்த உரத்தை நம்பி விளைகிறது. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தில் ஈப்ர் நகருக்கு அருகே, எதிரிப் படையின் பதுங்குகுழிகளை நோக்கிக் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டதும் அவர் முன்னின்று நடத்திய காரியம்தான். 1918-ம் ஆண்டுக்கான நோபல் பரிசு அம்மோனியாவுக்காக அவருக்குக் கிடைத்தது. இதில் எதை எதிலிருந்து கழிப்பது? கோடிக்கணக்கானவர்கள் பிழைத்தார்கள், சில ஆயிரம் பேர் மூச்சுமுட்டினார்கள், ஆக மொத்தம் லாபம் என்று ஒருவன் கணக்கை முடிக்கலாம். முடிக்கிறவன் சாப்பிடுகிறவனாகத்தான் இருப்பான். பதுங்குகுழியில் கிடந்தவன் அந்தக் கணக்கில் கையெழுத்துப் போட மாட்டான். வரவு ஒருவர் பெயரில், செலவு வேறொருவர் பெயரில். இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுத எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

தங்கை ‘வசதியா’ என்றது இதைத்தான். பேச்சு திரும்பக் கிடைத்தது அப்பாவுக்கு. அப்பா கிடைத்தது எனக்கு. பறிபோன வருடம் அவளுடையது. நான் அவள் பணத்தை எடுத்துச் சித்தப்பாவுக்குத் தர்மம் செய்துகொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் சித்தப்பா செய்ததற்கும் அதற்கும் பெரிய தூரம் இல்லை.

ஒன்றுநன்று

தராசு வேண்டாமென்றால் இன்னொரு குறள் இருக்கிறது. ‘கொன்றன்ன இன்னா செயினும் அவர்செய்த ஒன்றுநன்று உள்ளக் கெடும்.’ எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது, ஏனென்றால் கணக்கே இல்லை. கொலைக்கு ஒப்பான தீங்கு ஒரு பக்கம், மறுபக்கம் ஒரே ஒரு நல்லது. எடை போட்டால் தோற்கவேண்டிய அந்த ஒன்று ஜெயிக்கிறது. ஆனால் இதுவும் செய்ந்நன்றியறிதல் அதிகாரத்தில் இருக்கிறது. தீங்கு யாருக்கு நேர்ந்ததோ, நல்லதும் அவருக்கே செய்யப்பட்டது. நினைத்துக்கொள்ள வேண்டியவரும் அவர்தான். பக்கத்து அறையிலிருந்து அண்ணன் குரல்கொடுத்து நினைவுபடுத்துகிற ஏற்பாடு அதில் இல்லை. ‘எல்லோரிடமும் நல்லதைப் பார்’ என்று காலை வணக்கத்தோடு பூப்படம் போட்டு அனுப்புகிறவர்கள்மேல் எனக்கு எப்போதுமே ஒரு கடுப்பு உண்டு. அதற்குக் காரணம் இதுதான் போலிருக்கிறது, அடிபட்டவரிடம் இதை இரண்டாவது வேலையாகச் சுமத்திவிடுகிறார்கள். நானும் பூப்படம் இல்லாமல் அதையேதான் செய்திருக்கிறேன்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையே பொய்யாகிவிடும். ரசீது ‘ஆபீஸ் பையில் இருக்கிறது’ என்று சித்தப்பா சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். அவர் பொய் சொல்லும்போது வலது காதை ஒருமுறை தடவிக்கொள்வார், வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தடவினார். நான் பார்த்தேன். கடைசி நாளுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஒரு நடை கல்லூரிக்குப் போய்க் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். எனக்கு அந்த வாரம் தேர்வு. ஏதாவது சொல்லப்போய்ச் சண்டை வந்தால் படிப்பு கெடும் என்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பல வருடம் எனக்கு இது ஒரு தப்பாகவே தோன்றவில்லை என்பதுதான் விசேஷம். தேர்வு இருந்தது, சின்ன வயசு, பெரியவரை எப்படிச் சந்தேகப்படுவது என்று எனக்கு எல்லாமே சூழ்நிலை. சித்தப்பாவுக்கு மட்டும் புத்தி.

மனம் இப்படித்தான் வேலை செய்யும் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். 1967-ல் எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் என்ற இருவர் மாணவர்களிடம் கியூபாவின் தலைவர் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதிய கட்டுரைகளைப் படிக்கக் கொடுத்தார்கள். எழுதியவர் விரும்பி எழுதவில்லை, இந்தப் பக்கம்தான் எழுத வேண்டும் என்று கட்டளை என்று சொன்ன பிறகும், படித்தவர்கள் ‘ஆதரித்து எழுதியவர் உள்ளுக்குள்ளும் ஓரளவு ஆதரவாளர்தான்’ என்றே மதிப்பிட்டார்கள். அடுத்தவர் செய்கையைப் பார்த்ததும் அவர் குணத்துக்குள் போய்விடுகிறோம், அவர்மேல் இருந்த நெருக்கடி கண்ணில் படுவதில்லை. பத்து வருடம் கழித்து லீ ராஸ் என்பவர் இந்தச் சறுக்கலுக்கு ஒரு பெயரும் வைத்தார். கடன்காரன் வாசலில் நின்றிருந்த அந்த இரண்டு நாளை நான் சித்தப்பா கணக்கில் ஒருமுறையும் எழுதியதில்லை. என் தேர்வை மட்டும் முழு மதிப்போடு எழுதிவைத்திருந்தேன்.

இதை நினைத்துச் சித்தப்பாவை மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் அதுவும் அளக்கிற வேலைதான். என்னை அவர் ஏமாற்றவே இல்லை, மன்னிக்க என்ன இருக்கிறது? நான் செய்தது வேறு. தங்கையிடம் போய் காது தடவியதைச் சொன்னேன். மாடிக்குப் போனதையும் சொன்னேன். நன்றாகத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வெகுநேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நானும் பாத்தேன் அண்ணா. அவர் காதைத் தடவினதை" என்றாள். "பொய்யா இருக்கக்கூடாதுன்னு இருந்துச்சு." அதற்குமேல் இருவரும் அதைப் பேசவில்லை.

போன மாதம் அவள் வீட்டுக்கு வந்திருந்த அன்று சித்தப்பாவும் வந்தார். முன்பென்றால் அவர் தலை தெரிந்ததும் எழுந்து உள்ளே போய்விடுவாள். அன்று அப்பா இடக்கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டினார். மூன்று பேர் ஆட வேண்டுமாம். நான் எழப்போனேன். என்னைப் பார்த்து இல்லை என்று தலையாட்டிவிட்டுத் தங்கையைப் பார்த்தார். அவள் அசையாமல் இருந்தாள். பிறகு நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, சித்தப்பா முகத்தைப் பார்க்காமல் அவர் பக்கம் உள்ளங்கையை மட்டும் நீட்டினாள். அவர் கட்டைக் கொடுத்தார். அவள் கலைக்கவில்லை. பலகைமேல் ஒவ்வொரு சீட்டாக வைத்து, வாய்விட்டு எண்ண ஆரம்பித்தாள். அவசரமே இல்லை. இருபதைத் தாண்டியதும் அப்பாவும் கூடவே உதட்டை அசைத்தார். முப்பதிலிருந்து அவர் குரலும் சேர்ந்துகொண்டது, முப்பத்தொண்ணு, முப்பத்திரெண்டு என்று வரிசை பிசகாமல். கடைசிச் சீட்டை வைத்துவிட்டு "அம்பத்தொண்ணு" என்றாள். கையை மறுபடி நீட்டினாள்.

சித்தப்பா வலது காதைத் தடவப் போனார். கை பாதியில் நின்றது. தொடையைக் கொஞ்சம் தூக்கி, அடியிலிருந்து ஒரு ஹார்ட் ராணியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அப்பா தனக்குத் தெரிந்த அந்த ஒரு சொல்லைச் சொன்னார். "அம்பத்திரெண்டு" என்று சொல்லிவிட்டுத் தங்கை சீட்டைக் கலைக்க ஆரம்பித்தாள்.